குறு ஆர்.என்.ஏ.யும் கருக்கால ஈமோகுளோபினும்

பிறமொழியில் தோன்றிய அறிவியற் கருத்தைத் தமிழிற் கூறப் புகுவார்க்கு இடர் தருவன பெயர்ச்சொற்கள் என்பது பொதுவாக நிலவும் எண்ணம். எம் கருத்து வேறு. ஈமோகுளோபின் என்னும் பெயரை அவ்வாறே எழுதினாலும், தமிழிற் புதிதாய் ஒரு சொல் ஆக்கிக்கொண்டாலும் பொருள் பிறழ்வதில்லை. ஆயின், ஒன்று மற்றொன்றை என்ன செய்கின்றது என்று உரைக்கும் வினைச்சொல்லிற் பிழை நேரின் கருத்தே மாறிவிடும். உயிரணுவியலில் அடிக்கடி வரும் 'கட்டுப்படுத்தல்' என்னும் சொல் அத்தகையது. அடங்காத ஒன்றை ஆள்வோன் ஒருவன் அடக்கி வைப்பது போன்றதொரு தோற்றத்தை அச்சொல் எழுப்புகின்றது. நாளிதழ்களோ மரபணுவை 'அணைத்தல்' என்றும் 'ஏற்றுதல்' என்றும் விளக்கைப் பற்றிப் பேசுவது போற் பேசுகின்றன. செங்குருதி அணு வளருங்கால் குறு ஆர்.என்.ஏ. என்னும் சிறு மூலக்கூறுகள் செய்யும் தொழிலுக்கு இவை பொருந்தா என்பதும், அதனை விளக்குதற்கு ஏற்றதொரு சொல் தமிழிலக்கணத்தில் முன்னரே உண்டு என்பதும் யாம் ஈண்டுக் கூற விழைவன.

இதனை வெறுஞ் சொல்லாராய்ச்சி என்று கொள்ளற்க. நீலமலைப் பழங்குடிப் பெற்றோர்க்கு அவர்தம் குழந்தையின் குருதிநோயையும் அதற்குரிய மருந்தையும் விளக்க வேண்டிய நாள் வந்துவிட்டது. அவர்கள் இசைவு தருவதும் மறுப்பதும் அவர்கள் காதில் விழும் வினைச்சொல்லைப் பொறுத்தவை.

முதற்கண் செங்குருதி அணுவின் இயல்பைக் காண்போம். நம் எலும்பு மச்சையில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 20 இலட்சம் செவ்வணுக்கள் பிறக்கின்றன. ஒவ்வொன்றும் 120 நாள் அளவும் வாழ்ந்து அழியும். உயிர்வளியைச் சுமக்கும் ஈமோகுளோபின் மூலக்கூறுகள் ஓரணுவில் 27 கோடி வரை உள்ளன. அம்மூலக்கூறு ஒவ்வொன்றும் நான்கு புரதச் சங்கிலிகளால் ஆயது. அவற்றுள் இரண்டு ஆல்பா வகையின. ஏனை இரண்டும் கருவில் இருக்குங்கால் காமா வகையினவாகவும், பிறந்து வளர்ந்தபின் பீட்டா வகையினவாகவும் அமையும். காமா பெற்றது கருக்கால ஈமோகுளோபின். பீட்டா பெற்றது முதிர்ந்தோர் ஈமோகுளோபின். முன்னது உயிர்வளியை இறுகப் பற்றுவது. ஆதலின் தாயின் குருதியிலிருந்து கரு உயிர்வளியைப் பெற்றுக்கொள்ள இயலுகின்றது.

யாம் வாழும் கங்கைகொண்டான் சிற்றாற்றங்கரையில் உள்ளது. இதற்குத் தெற்கே பொருநைப் பாசன வயல்களிற் கார் என்றும் பிசானம் என்றும் இருபருவ நெல் விளைவதை நெல்லைச் சீமையார் நன்கறிவர். நிலம் ஒன்றே, ஆற்றுநீரும் ஒன்றே. பருவத்துக்கேற்ப விளைவு மட்டும் வேறாகும். காரறுப்பு முற்றும் முடியுமுன்னரே ஒருசார் வயல்களிற் பிசானத்துக்கு நாற்றுப் பாவுவதும் உண்டு. செங்குருதி அணுவிலும் இத்தகைய பருவமாற்றம் நிகழ்கின்றது. பிறந்த குழந்தையின் ஈமோகுளோபினில் 60 முதல் 80 விழுக்காடு வரை கருக்கால வகையே. ஆறு திங்கள் முதல் ஓராண்டுக்குள் அது படிப்படியாகச் சுருங்கி, முதிர்ந்தோரிடம் பெரும்பாலும் ஒரு விழுக்காட்டினும் குறைகின்றது. பீட்டா, காமா முதலியவற்றுக்குரிய மரபணுக்கள் 11ஆம் குரோமோசோமில் ஒரே வரிசையில் நிற்கின்றன. அவை தொழிற்படும் காலமுறையிலேயே அவற்றின் இடமுறையும் அமைந்திருத்தல் வியப்புக்குரியது.

இப் பருவமாற்றம் எவ்விடர்க்கு வாயிலாகின்றது என்பதை அறிய நெல்லையை விடுத்து நீலமலைக்குச் செல்ல வேண்டும். 1952ஆம் ஆண்டில் லேமன், கட்புஷ் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர், நீலமலைப் பழங்குடியினரின் குருதியில் அரிவாளணுப் பண்பு உண்டு என்பதைக் கண்டு வெளியிட்டனர். ஆப்பிரிக்க மரபினர்க்கே உரியது என்று பலரும் கருதியிருந்த ஒரு பண்பு தென்னிந்திய மலைகளில் வாழ்வாரிடத்தும் காணப்பட்டமை அந்நாளில் அறிஞருலகை வியப்பில் ஆழ்த்தியது. பீட்டாச் சங்கிலியின் மரபணுவில் ஓரெழுத்து மாறுவதே இந்நோய்க்கு முதல். பெற்றோர் இருவரிடமிருந்தும் அம்மாற்றத்தைப் பெற்ற குழந்தைக்கு, உயிர்வளி குறையுங்கால் ஈமோகுளோபின் நீண்ட இழைகளாகத் திரண்டு, செவ்வணுவை அரிவாள் போல் வளைக்கும். வளைந்த அணுக்கள் நுண்குழல்களை அடைக்கும், கடுவலி தோன்றும், அணுக்கள் விரைந்து அழிதலாற் சோகையும் உண்டாகும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றோர்க்கு இத்துன்பம் இயல்பாக வருவதில்லை; அவர்க்கு மலேரியாவினின்று ஓரளவு காப்பும் கிட்டுகின்றது. மலேரியா மலிந்த காடுகளில் இப்பண்பு நிலைத்தமைக்கு இதுவே காரணம் என்பர்.

இக்குழந்தைகள் பிறந்தவுடன் நோயுறுவதில்லை என்பது கருதத்தக்கது. சில திங்கள் கழிந்த பின்னரே நோய் தலைகாட்டும். 1948ஆம் ஆண்டில் ஜேனட் வாட்சன் என்னும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் இதனை உற்றுநோக்கி, கருக்கால ஈமோகுளோபினே குழந்தையைக் காக்கின்றது போலும் என்று உய்த்துணர்ந்தார். அவர் கருத்து பின்னர் உறுதிப்பட்டது. காமாச் சங்கிலி உடைய மூலக்கூறு ஊடே புகுந்தால் அரிவாள் ஈமோகுளோபினின் இழை நீள மாட்டாது. கார் விளைவு முடிவதற்கும் பழுதுற்ற பிசானம் தலையெடுப்பதற்கும் இடைப்பட்ட காலமே அக்குழந்தைக்கு நலமான காலம். பீட்டாச் சங்கிலி போதிய அளவு உண்டாகாத தலசீமியா நோயிலும் நிலை இதுவே. இந்தியாவில் ஒடிசா முதலிய பகுதிகளிலும், சவுதி அரேபியாவின் கீழைப் பகுதியிலும் அரிவாளணு நோயர் பலர்க்குக் கருக்கால ஈமோகுளோபின் இயல்பாகவே மிகுந்திருப்பதையும், அவருட் பலர்க்கு நோய் சற்றே தணிந்திருப்பதையும் ஆராய்ந்தோர் கண்டனர். ஆயினும் இந்திய நோயர் அனைவர்க்கும் நோய் எளியது என்று முடிவு செய்தல் தவறு. கடுந்துன்பம் உறுவாரும் உளர்.

ஆகவே கருக்கால ஈமோகுளோபினை நீட்டித்தல் இயலுமா என்பதே மருத்துவ உலகின் பெருவினா. அதற்கு விடை காண அது குறைவது எங்ஙனம் என்பதை அறிதல் வேண்டும். ஈண்டுத்தான் குறு ஆர்.என்.ஏ. வருகின்றது.

மரபணுவில் உள்ள செய்தியைப் படியெடுத்துப் புரதம் ஆக்கும் இடத்துக்குக் கொண்டு செல்வது தூது ஆர்.என்.ஏ. குறு ஆர்.என்.ஏ. எப்புரதத்தையும் ஆக்குவதில்லை. அதன் நீளம் 22 எழுத்தளவே. கொண்டையூசி போல் மடிந்த நெடிய ஓர் ஆர்.என்.ஏ.யை நொதிகள் இருமுறை நறுக்க, எஞ்சும் துண்டு இது. ஆர்கனாட் என்னும் புரதத்திற் பொருந்தியவுடன் இது தனக்கு இணையான எழுத்துகள் எத்தூதில் உள்ளன என்று தேடும். இரண்டாம் எழுத்து முதல் எட்டாம் எழுத்து வரை இணைந்தாலே போதும். இணைந்தபின் அத்தூதிலிருந்து புரதம் ஆகும் அளவு குறையும். தூதும் விரைவிற் சிதையும். முழுதும் அழிவதில்லை, ஒரு பகுதியே குறைகின்றது. தொடக்கம் முதல் இறுதி வரை எழுத்துகள் யாவும் இணைந்தால் மட்டும் ஆர்கனாட் தூதினை நடுவே வெட்டிவிடும். தாவரங்களில் இது மிகுதி; விலங்குகளில் அரிது.

இலக்கணம் கற்றார்க்கு இவ்விடத்துக் குற்றியலுகரம் நினைவுக்கு வருதல் இயல்பு. 'நாடு' என்னும் சொல்லின் ஈற்றுகரம் தனக்குரிய ஒரு மாத்திரையிற் குறைந்து அரை மாத்திரையாய் ஒலிக்கின்றது. 'பசு' என்பதன் ஈற்றுகரமோ குறைவதில்லை. உகரம் ஒன்றே, முன் நிற்கும் எழுத்துகளின் சூழலே குறுக்கத்தை முடிவு செய்கின்றது. அக்குற்றியலுகரத்தின் முன் உயிர் வந்து புணர்ந்து 'நாடில்லை' என்றாகுங்கால் உகரம் முற்றுங் கெடுகின்றது. குறுகுதல் வேறு, கெடுதல் வேறு என்று நம் இலக்கணநூலார் தெளிவாகப் பிரித்துள்ளனர். குறு ஆர்.என்.ஏ.யின் தொழில் பெரும்பான்மையும் குறுக்கம், சிறுபான்மை கெடுதல். இவ்விரண்டையும் 'கட்டுப்படுத்தல்' என ஒரு சொல்லால் மூடுவது வேண்டாததொரு மயக்கம். 'நுண்' என்னும் அடையை விடுத்துக் 'குறு' என்னும் அடையை யாம் ஆள்வதும் இதுபற்றியே. தானும் குறியது, பிறிதையும் குறுக்குவது.

இதன் வரலாறும் மாத்திரையோடு, அஃதாவது கால அளவோடு, தொடர்புடையது. ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஓர் உருளைப்புழுவை விக்டர் அம்புரோசு, கேரி ருவ்குன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் தனித்தனியே ஆராய்ந்தனர். வளர்ச்சிப் படிகள் காலமுறை பிறழ்ந்து, இளமைப் படியையே மீண்டும் மீண்டும் நிகழ்த்தும் புழுக்கள் சில இருந்தன. அக்குறைக்குக் காரணமான லின்-4 என்னும் மரபணு புரதம் எதனையும் தராது, சிறியதோர் ஆர்.என்.ஏ.யை மட்டும் தருகின்றது என்பது 1993இல் வெளியாயிற்று. 2000இல் லெட்-7 என்னும் இரண்டாவது கண்டறியப்பட்டது. அது புழு முதல் மனிதன் வரை மாறாது உள்ளது என்பதும் தெரிந்தது. அப்போது இவற்றுக்கு இட்ட பெயர் 'சிறு கால ஆர்.என்.ஏ.' என்னும் பொருள்பட அமைந்தது. மறு ஆண்டில் இக்காலத்துப் பெயர் வந்து அதனை வீழ்த்தியது. பழம்பெயரே தொழிலை நன்கு உணர்த்தியது என்பது எம் துணிபு. 2024ஆம் ஆண்டு மருத்துவத்துக்குரிய நோபல் பரிசு இவ்விருவர்க்கும் வழங்கப்பெற்றது.

செவ்வணுவில் இக்குறுக்கம் சிறப்புப் பெறுதற்குத் தனியொரு காரணம் உண்டு. வளர வளர இவ்வணு தன் கருவைச் சுருக்கி, இறுதியில் அதனை வெளியே தள்ளிவிடுகின்றது. அதன்பின் புதிய தூது எழ வழியில்லை. முன்னர் எழுந்த தூதுகளைக் கொண்டே எஞ்சிய பணியை முடிக்க வேண்டும். எனவே எத்தூது எவ்வளவு பயன்பட வேண்டும் என்பதைத் தூதின் அளவிலேயே திருத்துதல் இவ்வணுவுக்கு இன்றியமையாதது.

எடுத்துக்காட்டுகள் சிலவே தருவோம். 221ஆம், 222ஆம் எண்ணுடைய குறு ஆர்.என்.ஏ.க்கள் 'கிட்' என்னும் ஏற்பிப் புரதத்தைக் குறுக்குவன. இளம் அணுக்கள் பெருகுதற்கு அவ்வேற்பி தேவை. அணு செவ்வணுவாகும் வழியில் இறங்கியவுடன் இவ்விரண்டும் குறையக் கிட் போதிய அளவு கிடைத்து அணுக்கள் பல்குகின்றன. 2005ஆம் ஆண்டு ஆய்வு இதனைக் காட்டியது. குறுக்குவது தானே குறைதலும் வளர்ச்சிக்கு ஒரு வழி என்பதை இதனால் அறியலாம்.

இதனினும் சுவையுடையது 451ஆம் எண்ணுடையது. முதிரும் செவ்வணுவில் மிகுதியாகக் காணப்படும் குறு ஆர்.என்.ஏ.க்களுள் இஃதொன்று. 144ஆம் எண்ணுடையதோடு ஒரே தொகுதியாக இது பிறக்கின்றது. செவ்வணுவுக்குரிய மரபணுக்களைத் தூண்டும் காட்டா-1 என்னும் புரதமே இத்தொகுதியையும் தூண்டுகின்றது. ஏனைக் குறு ஆர்.என்.ஏ.க்களை இரண்டாம் முறை நறுக்கும் டைசர் என்னும் நொதி இதற்கு வேண்டுவதில்லை. ஆர்கனாட்டே அத்தொழிலையும் செய்துவிடுகின்றது. இத்தொகுதியை நீக்கிய எலிகள் இறக்கவில்லை. அவற்றுக்குச் சிறு சோகையே கண்டது. ஆயின் உயிர்வளியால் விளையும் நச்சுத்தாக்கத்தை உண்டாக்கும் மருந்தை ஊட்டியபோது அவற்றின் செவ்வணுக்கள் பெருமளவில் அழிந்தன. காரணம் இது: 451 இல்லாதபோது 14-3-3 சீட்டா என்னும் புரதம் அளவிறந்து பெருகுகின்றது, காப்பு மரபணுக்களைத் தூண்டும் பாக்சோ-3 என்பதை அது கருவினுட் புகவொட்டாது தடுக்கின்றது. அமைதிக் காலத்தில் அரை மாத்திரைக் குறைவு புலனாகவில்லை. இடர் வந்தபோதே புலனாயிற்று. 2010ஆம் ஆண்டில் வெளிவந்த இவ்வாராய்ச்சியைக் குறு ஆர்.என்.ஏ.யின் இயல்பை விளக்கும் தலைசிறந்த சான்றாக யாம் கருதுகின்றோம்.

இனிக் கருக்கால ஈமோகுளோபினுக்கு வருவோம். 13ஆம் குரோமோசோம் இரண்டிருக்க வேண்டிய இடத்து மூன்றாய் அமைந்த குழந்தைகள் சிலர் பிறப்பதுண்டு. இவருட் பலர் ஓராண்டும் வாழ்வதில்லை. இவர் குருதியிற் கருக்கால ஈமோகுளோபின் நெடுநாள் நீடிக்கின்றது என்பதை 1960களிலேயே மருத்துவர் குறித்திருந்தனர். ஏன் என்பது மட்டும் அரை நூற்றாண்டு அளவும் விளங்காதிருந்தது. 2011ஆம் ஆண்டில் விஜய் சங்கரனும் அவர் குழுவினரும் ஒரு வழி கண்டனர். அக்குரோமோசோமின் ஒரு துண்டு மட்டும் மும்மடியான நோயர்களை ஒப்புநோக்கி, கருக்கால ஈமோகுளோபின் மிகுதற்குக் காரணமான பகுதியைக் குறுக்கிக் கொண்டு சென்றனர். எஞ்சிய சிறு பகுதியில் 15ஏ, 16-1 என்னும் இரு குறு ஆர்.என்.ஏ.க்கள் இருந்தன. இயல்பான மனிதரின் இளஞ்செவ்வணுக்களில் அவ்விரண்டையும் மிகுவித்துப் பார்க்கக் கருக்கால ஈமோகுளோபின் உயர்ந்தது. அவை குறுக்குவது 'மிப்' என்னும் புரதத்தை என்பதும், அப்புரதம் கருக்கால ஈமோகுளோபினை ஒடுக்குவதிற் பங்குடையது என்பதும் தெளிவாயின. இரண்டு படிகள் இருக்க வேண்டிய இடத்து மூன்று படிகள்; அவ்வளவே வேறுபாடு. அரைப்பங்கு மிகையால் ஒரு பருவமாற்றமே தாழ்க்கின்றது என்றால், அளவு என்பது இங்கு எத்துணை நுட்பமானது!

புழுவின் காலத்தை அளந்த லெட்-7 நம் குழந்தைகளின் குருதியிலும் தோன்றுவது வியப்பினும் வியப்பு. கொப்பூழ்க்கொடிக் குருதியில் லெட்-7 குறைவு. முதிர்ந்தோர் குருதியில் மிகுதி. அதனை ஆகவொட்டாது தடுக்கும் லின்-28பி என்னும் புரதம் கருக்காலத்தில் மிகுந்து பின்னர் மறைவது. 2013இல் முதிர்ந்தோரின் இளஞ்செவ்வணுக்களில் லின்-28பியைப் புகுத்தியபோது லெட்-7 தாழ்ந்தது. கருக்கால ஈமோகுளோபின் எழுந்தது. ஆகவே லெட்-7 தான் பருவத்தை மாற்றுவது என்று பலரும் கொண்டனர். 2020இல் மறுப்பொன்று எழுந்தது. காமா மரபணுவை ஒடுக்குவதில் முதன்மையானது பி.சி.எல்.11ஏ என்னும் புரதம்; இதனை 2008ஆம் ஆண்டு ஆய்வு நிறுவியிருந்தது. அப்புரதத்தின் தூதினை லின்-28பி நேரே பற்றித் தடுக்கின்றது, லெட்-7 இடையே வேண்டுவதில்லை என்பது புதிய கட்சி. 2024இல் வேறொரு குழுவினர், லெட்-7 எச்.ஐ.சி.2 என்னும் புரதத்தைக் குறுக்குகின்றது, அப்புரதம் பி.சி.எல்.11ஏ எழுவதைத் தடுப்பது, ஆகவே லெட்-7க்கும் இதிற் பங்குண்டு என்று காட்டினர். இரு கட்சியும் ஒன்றையொன்று அழிப்பன அல்ல என்பது எம் கருத்து. ஒரு சொல்லில் இருவேறு விதிகள் ஒருங்கே செல்லுதல் புணரியலில் நாம் காணாததன்று. தூதின் எழுச்சியில் ஒரு குறுக்கமும், எழுந்த தூதின் பயனில் மற்றொரு குறுக்கமும் ஒருங்கே நிகழ்தல் கூடும்.

மருத்துவம் இவ்வறிவை இருவழிகளிற் பயன்கொண்டுள்ளது. பாஸ்டன் நகர மருத்துவர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், குறு ஆர்.என்.ஏ.யின் வடிவிலேயே செயற்கையாக ஒன்றை ஆக்கி, அதனை நோயரின் குருத்தணுக்களிற் புகுத்தினர். பி.சி.எல்.11ஏயைச் செவ்வணு மரபில் மட்டும் குறுக்குவது அதன் தொழில். ஏனெனில் அப்புரதம் பிற குருதியணுக்களுக்குத் தேவை. எங்கும் கெடுத்தல் ஆகாது. அரிவாளணு நோயர் அறுவர்க்கு இது செய்யப்பட்டது. கருக்கால ஈமோகுளோபின் உயர்ந்தது. மற்றொரு வழி காஸ்கெவி என்னும் பெயரால் 2023 நவம்பரில் பிரிட்டனிலும் திசம்பரில் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. இது குறு ஆர்.என்.ஏ.யைப் பயன்படுத்துவதன்று. பி.சி.எல்.11ஏ மரபணுவைச் செவ்வணுவில் ஊக்கும் பகுதியை மட்டும் வெட்டுவது. வெட்டுதல் நிகழினும் மரபணு கெடுவதில்லை. செவ்வணுவில் அதன் அளவே குறைகின்றது. அமெரிக்காவில் இதன் விலை 22 இலட்சம் டாலர். முன்னதாக மச்சையை வெறுமையாக்கும் வன்மருந்தும் ஏற்க வேண்டும். கூடலூர்க் காட்டில் வாழும் குடும்பத்துக்கு இன்று கைக்கெட்டுவது ஹைட்ராக்சியூரியா என்னும் வாய்வழி மருந்தே. அதுவும் கருக்கால ஈமோகுளோபினை உயர்த்துவதே. வேலூரிற் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த குருத்தணு ஆராய்ச்சி மையத்தார், காமா மரபணுவின் முன்பகுதியில் ஓரெழுத்தை மட்டும் மாற்றி அவ்வீமோகுளோபினை உயர்த்தும் இடங்களைத் தேடி, 2022இல் தம் முடிவுகளை வெளியிட்டனர்.

அரிவாளணு நோயை 2047ஆம் ஆண்டுக்குள் ஒழிப்பதற்கென நடுவணரசு 2023 சூலை முதல் நாளில் ஓர் இயக்கத்தைத் தொடங்கிற்று. 40 வயது வரையுள்ள ஏழு கோடிப் பேரை, பழங்குடியினர் வாழும் பகுதிகளிற் சோதித்தல் அதன் திட்டம். தமிழ்நாடும் அதில் அடங்கும். சோதனை முடிந்ததும் பெற்றோரிடம் எவரேனும் ஒருவர் தமிழிற் பேசியாக வேண்டும். 'குழந்தையின் மரபணுவை அணைக்கப் போகின்றோம்' என்று அவர் கூறுவாராயின், கேட்ட தாய் அஞ்சுவாள், அவ்வச்சம் தக்கதே. 'குழந்தை வயிற்றிலிருந்தபோது ஊறிய குருதிச்சத்து ஒன்று பிறந்தபின் குறைந்துபோயிற்று; அதனைக் குறைப்பதன் வலியைச் சற்றே தணித்தால், பழைய சத்து ஓரளவு மீண்டும் ஊறும்; அது நோயைத் தாங்கும்' என்று கூறின், செய்தி பிழையாகாது; கேட்பார்க்கும் விளங்கும். மருந்தை நாள்தோறும் கொடுக்க வேண்டிய காரணமும் அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது.